கண் பாக்கி

யுத்தத்தில் காகிதம் கிடைக்காமல் போன சமயம், எங்கள் காலண்டர் கம்பெனியில் ஓர் உத்தரவு வந்தது. கடித நகல்களை இனிமேல் புதுத் தாளில் எழுதக் கூடாது. பழைய கடிதங்களின் பின்பக்கத்தில்தான் எழுத வேண்டும். அப்படி ஒரு மத்தியானம், பழைய கட்டிலிருந்து ஒரு கடிதத்தை உருவிப் பின்பக்கத்தில் எழுதப்போனவன், முன்பக்கத்தைப் படித்துவிட்டேன். மாம்பலத்து ஓவியர் ஒருவர் இரண்டு வருஷத்துக்கு முன் எழுதியது. எல்லோரும் எழுதுகிற மாதிரியே ‘மற்றவை நேரில்’ என்று முடித்திருந்தார். அதே ஓவியர் எழுதி அன்று காலை வந்த கடிதமும் மேஜைமேல் கிடந்தது. அதில் அந்த இரண்டு வார்த்தையைக் காணோம்.

சும்மா ஒரு குறுகுறுப்பு. அவருடைய கடிதங்களை எல்லாம் தேடி எடுத்து வரிசையாக அடுக்கினேன். ஆடி மாதம் வரைக்கும் ஒன்று விடாமல் ‘மற்றவை நேரில்’. ஆவணி பிறந்ததிலிருந்து ஒன்றில்கூட இல்லை. இந்த மனிதர் நம்மை நேரில் பார்க்க விரும்பவில்லை என்று எனக்குப் பளிச்சென்று பட்டது. ஓவியர்களின் கடிதத்தைப் படிக்கும்போது, வழக்கமாக இருந்து திடீரென்று காணாமல் போகிற வார்த்தையைத் தேட வேண்டும் என்று நான் கண்டுகொண்டது அந்த மத்தியானம்தான்.

கண்டுகொண்டது சரி. அதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம் சரியில்லை. திங்கட்கிழமை முதல் என் மேஜைக்கு வரப்போகிற உங்கள் இருவருக்கும் அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் கிழவன் இல்லை, இருபத்தேழு வயது. ஆனாலும் கடித மேஜையிலிருந்து ரிட்டையர் ஆகிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கோந்து எங்கே, தபால் புத்தகம் எங்கே, எந்தக் கடிதத்தை எந்தக் கட்டில் சேர்ப்பது என்பதெல்லாம் ஆபீஸில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். யாரும் காட்டாதது ஒன்று இருக்கிறது. ஓவியர் எழுதும் கடிதம் முதலாளியின் கைக்குப் போவதில்லை. நாம் அதைப் படித்து, ஒரு சீட்டில் ஒரே வரியாகச் சுருக்கி எழுதுகிறோம். முதலாளி அந்தச் சீட்டைத்தான் பார்க்கிறார். ஒரு மனிதர் இரண்டு பக்கம் யோசித்து எழுதியது, நம் கையில் நாலு வார்த்தை ஆகிவிடுகிறது.

நான் வந்த புதிதில் நடந்ததைக் கேளுங்கள். கும்பகோணம் பக்கத்து ஓவியர் ஒருவர் நின்ற கோலத்தில் ஒரு மகாலட்சுமி எழுதி அனுப்பினார். விளம்பரம் கொடுத்த கடைக்காரருக்குத் தம் கடைப் பெயர் பெரிய எழுத்தில் வர வேண்டும். அதற்கு இடம் பண்ணுவதற்காகக் கீழ்ப்பக்கத்தில் இரண்டு அங்குலம் மறைத்து அச்சடித்தோம். தேவியின் பாதம் போயிற்று. அச்சான காலண்டரைப் பார்த்துவிட்டு அவர் எழுதினார்: ‘தங்கள் இஷ்டம்போல் செய்திருக்கிறீர்கள். சந்தோஷம்.’ நான் சீட்டில் ‘ஓவியருக்குத் திருப்தி’ என்று எழுதினேன். பி.ஏ. படித்த மூளை!

அதற்கப்புறம் அந்த மனிதர் ஒரு தெய்வத்துக்கும் பாதம் எழுதவில்லை. சரஸ்வதி வந்தாள், இடுப்புக்குக் கீழே தாமரைக் குளம். முருகன் வந்தார், முழங்காலுக்குக் கீழே மேகம். மூன்று வருஷம் கழித்துத்தான் யாரோ கவனித்து, “ஏன் எல்லாரும் தண்ணியிலயே நிக்கறா?” என்று கேட்டார்கள். ‘தங்கள் இஷ்டம்போல்’ என்று ஓவியர் எழுதினால் அடிவயிறு கொதிக்க எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். ‘சந்தோஷம்’ என்றும் சேர்த்தால் இனிமேல் நம்மிடம் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்.

இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மாம்பலத்து விஷயத்தில் வேடிக்கை ஒன்றும் இல்லை.

அந்த ஓவியரின் பெயரை எழுதவில்லை. காரணம் போகப் போகத் தெரியும். அந்த வருஷம் தியாகராய நகர்த் தைல வியாபாரி ஒருவருக்காக அம்மன் படம் ஒன்று அவரிடம் சொல்லியிருந்தோம். ஆவணிக் கடைசியில் வர வேண்டிய படம். வரவில்லை. கடிதம்தான் வந்தது: ‘படம் முடிந்தது. கண் இன்னும் திறக்கவில்லை. அவகாசம் தர வேண்டுகிறேன்.’

உங்களுக்குத் தெரிந்திருக்கும், சாமி படம் எழுதுகிறவர்கள் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார்கள். நாள் பார்த்து, குளித்துவிட்டு வந்து எழுதுகிறவர்களும் உண்டு. அதற்குத்தான் கண் திறப்பது என்று பெயர். ஆகவே நான் சீட்டில் எழுதினேன்: ‘கண் பாக்கி.’

முதலாளி சீட்டைப் பார்த்தார். “கண்ணுதானேடா அம்பி? ரெண்டு புள்ளி. அதுக்கு எதுக்கு அவகாசம்? அழுத்தி ஒரு கடுதாசி போடு.”

அழுத்தினேன். ‘கண்ணை உடனே திறந்து அனுப்பி வைக்கவும். தாமதத்துக்கு இனி இடமில்லை.’ பத்து நாளில் மூன்று கடிதம், ஒன்றைவிட ஒன்று காரம். அவர் பதில் மூன்று தடவையும் ஒன்றே: ‘கண் இன்னும் திறக்கவில்லை.’ மூன்றாவது பதில் வந்த அன்றுதான் நான் முதலில் சொன்ன மத்தியானம்.

மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை, பாண்டி பஜார், அப்புறம் ரயில்வே கேட்டைத் தாண்டி மேற்கு மாம்பலம். ஓட்டு வீடு. ஓவியரின் மனைவி கதவைப் பாதி திறந்தார். காலண்டர் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் கை கதவிலேயே நின்றுவிட்டது.

“அவர் ஊர்ல இல்லீங்களே தம்பி. காஞ்சிபுரம் போயிருக்கார்.”

உள்ளேயிருந்து குரல் வந்தது. “யாரது? பால்காரனா?”

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு கதவு முழுக்கத் திறந்தது.

அவர் பெஞ்சில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டு. அதன்மேல் ஒரு பச்சைத் துணி நெற்றியிலிருந்து தொங்கியது. எதிர்ச் சுவரில் எங்கள் அம்மன், பட்டும் நகையும் பூவுமாக ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாக நின்றாள். புருவத்துக்குக் கீழே இரண்டு வெற்றிடம்.

நான் யார் என்று சொன்னேன்.

“ஓ! ‘கண்ணை உடனே திறந்து அனுப்பவும்’னு எழுதினது நீங்கதானா?” என்று சிரித்தார். “டாக்டர்கிட்ட படிச்சுக் காட்டச் சொன்னேன். அவரும் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காராம்.”

எனக்கு உட்காரத் தோன்றவில்லை. கண்ணில் புரை முற்றி, கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆகி ஆறு நாள் ஆகியிருந்தது. ஆடியிலிருந்தே மங்கல். “சேலை மடிப்புக்குக் கைப்பழக்கம் போதும் தம்பி. நகைக்கும் போதும். கண்ணுக்குக் கண்ணு வேணுமில்ல?” என்றார்.

“எழுதியிருக்கலாமே சார்” என்றேன்.

“எழுதாமலா இருந்தோம்?” என்றார் அந்த அம்மாள். ஆவணியிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் அந்த அம்மாளின் கையெழுத்து. கணவரைப் போலவே எழுதப் பழகியிருந்திருக்கிறார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. “பொய் எழுத மாட்டேன்னு நான் சொன்னேன். நெஜத்தை எழுதக் கூடாதுன்னு இவர் சொன்னார். ரெண்டு நாள் சண்டை. கடைசியில ரெண்டு பேருக்கும் ஒத்து வர்ற மாதிரி ஒரு வாக்கியம் கெடைச்சுது.”

‘கண் இன்னும் திறக்கவில்லை.’ ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. அதைத்தான் நான் ‘கண் பாக்கி’ ஆக்கியிருந்தேன்.

ஓவியர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “கட்டு அவிழ்க்க இன்னும் பதினெட்டு நாள். அதுவரைக்கும் ஆபீஸ்ல சொல்லாதீங்க. ஓவியன் கண்ணைப் பத்தி ஒரு பேச்சுக் கெளம்பிச்சுன்னா அப்புறம் அடங்காது. அடுத்த வருஷத்துக்கு ஆளுங்க பட்டியல் போடற நேரம் இது. என் பேரு அதுல இருக்கணும். பதினெட்டு நாள் போதும். நானே கொண்டாந்து குடுக்கறேன்.”

“சொல்ல மாட்டேன் சார்” என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். மனப்பூர்வமாகச் சொன்னதை நாலே நாளில் மீறினேன்.

எப்படி மீறினேன் என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. யாரும் என்னை மிரட்டவில்லை. தைல வியாபாரி ஆபீஸுக்கு வந்து, பத்து நாளில் அச்சு ஆரம்பிக்காவிட்டால் ஆர்டரை வேறு இடத்தில் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. “அந்த மனுஷன் நம்மளை அலட்சியம் பண்றார்டா. அவ்வளவு பெரிய மனுஷாள் ஆயிட்டாரா? இனிமே அவர் சங்காத்தமே வேண்டாம்” என்றார்.

அலட்சியம் என்ற வார்த்தை எனக்குப் பொறுக்கவில்லை. பெஞ்சில் கட்டுப்போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதரை இவர் அலட்சியக்காரர் என்கிறாரே! எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை. ஆபீஸில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிப்பவர். உண்மை தெரிந்தால் காத்திருப்பார் என்று நினைத்தேன். நான் சொல்வதால் ஓவியருக்கு நல்லதுதான் நடக்கும் என்று முடிவு பண்ணினேன். அந்த முடிவுக்கு வர எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. சொல்லிவிட்டேன்.

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “அடடா… ஆத்துல வேற யார் இருக்கா அவருக்கு? பாவம்டா, பாவம்.” அன்றைக்கே ஒரு கூடை ஆரஞ்சுப்பழம் வாங்கி அனுப்பினார். என்னைக் கூப்பிட்டு, “நல்ல வார்த்தையா ஒரு கடுதாசி எழுது. உடம்பைப் பாத்துக்கச் சொல்லு. வேலையைப் பத்தி மனசுல போட்டுண்டு அலட்டிக்க வேண்டாம்னு எழுது” என்றார்.

எழுதினேன். ‘தங்கள் கண்கள் பூரண குணம் அடையும் வரையில் தாங்கள் ஓய்வு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். வேலையைப் பற்றிய கவலை தங்களுக்கு வேண்டாம்.’ இந்த மேஜையில் ஐந்து வருஷத்தில் நான் எழுதிய கடிதங்களிலேயே அழகானது அதுதான். இரண்டு தடவை படித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

பழக்கூடை கொண்டுபோன வண்டியிலேயே அம்மன் படம் ஆபீஸுக்கு வந்து சேர்ந்தது. அச்சு காத்திருக்க முடியாது அல்லவா?

படத்தைக் கல்லில் எழுதி அச்சடிக்கும் கல்லச்சில் வர்ணத்துக்கு வர்ணம் புள்ளி வைத்துக் கொடுக்கும் பாய் ஒருவர் எங்களிடம் இருந்தார். அவர் கையைப் போல நிதானமான கை பட்டணத்தில் வேறு இல்லை. முதலாளி அவரைக் கூப்பிட்டு, கண்ணை மட்டும் எழுதிவிடச் சொன்னார். பாய் படத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இன்னா சார், ஆளு உசுரோட கீறாரு இல்ல?”

“இருக்கார் பாய். கட்டு அவிழ்க்கணும், அவ்வளவுதான்.”

“அப்போ அவரு வேல சார் இது. கல்லுமேல புள்ளி வெக்கச் சொல்லு, வெச்சிக்கினே இருப்பேன். அவரு உட்டுவெச்ச எடத்துல நான் கை வெக்க மாட்டேன்.” முதலாளியிடமும் அதையே கொஞ்சம் மரியாதையாகச் சொல்லிவிட்டுத் தம் இடத்துக்குப் போய்விட்டார். நான் கொடுத்த வாக்கைப் பற்றிப் பாய்க்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே அதைக் காப்பாற்றினார்.

கண் எழுத வேறு ஆள் கிடைத்தார்; ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவர். காபி ஆறுவதற்குள் எழுதி முடித்தார். பெரிய, அழகான கண்கள். ஐப்பசியில் அச்சாகி, தியாகராய நகர் முழுக்க அந்த அம்மன் தொங்கினாள். கீழே பழைய ஓவியரின் கையெழுத்து அப்படியே இருந்தது.

அதே மாதம் அடுத்த வருஷத்துப் பட்டியல் தயாராயிற்று. மாம்பலத்து ஓவியரின் பெயரை யாரும் அடிக்கவில்லை. பெயருக்கு எதிரே முதலாளி பென்சிலால் ஒரு வார்த்தை எழுதியிருந்தார்: ‘ஓய்வில்.’ என் கடிதத்திலிருந்து எடுத்த வார்த்தை. இரக்கத்தோடுதான் எழுதினார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஓய்வில் இருப்பவருக்கு வேலை அனுப்புவார்களா? அனுப்பவில்லை.

ஆழ்வார்பேட்டையிலும் அடையாறிலும் படம் வெளியிடுகிற இரண்டு இடங்களிலிருந்து விசாரித்து எழுதினார்கள். அவருக்குப் பார்வை போய்விட்டதாமே, உண்மையா? இரண்டுக்கும் நான்தான் பதில் எழுதினேன். ‘அன்னார் தற்சமயம் ஓய்வில் இருக்கிறார்.’ பொய் இல்லாத வாக்கியம் எழுத எனக்கும் தெரியும் பாருங்கள். அந்த நகல்கள் கட்டில் இருக்கின்றன. பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள்.

சொன்ன கணக்குக்கு இரண்டு நாள் அதிகமாக, இருபதாவது நாள் அவரிடமிருந்து கடிதம் வந்தது. இந்தத் தடவை அவர் கையெழுத்து, சற்றுப் பெரிதாக: ‘கண் திறந்தாயிற்று. வேலைக்குத் தயாராக இருக்கிறேன்.’ நான் சீட்டில் அதை ஓர் எழுத்து விடாமல் அப்படியே எழுதினேன். முதலாளி படித்துவிட்டு, “அதான் படம் அச்சே ஆயிடுத்தே. எந்தக் கண்ணைச் சொல்றார்?” என்றார். அவர் கேலி பண்ணவில்லை. நிஜமாகவே விளங்கவில்லை.

கார்த்திகையில் ஓவியர் நேரிலேயே வந்தார். புதுக் கண்ணாடி, தடித்த வில்லை. அதற்குள் கண்கள் இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. யாரும் கேட்காமலே ஒரு சின்னப் படம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருத்தி பூ வாங்குகிறாள். அவ்வளவுதான் படம். முதலாளி எழுந்து நின்று கைகூப்பி, நாற்காலி போட்டு, காபி வரவழைத்தார். படத்தைக் கையில் வாங்கினார். ஐந்து வருஷமாக அவர் படம் பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பார்த்தது வேறு மாதிரி. நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு கோடாகப் பார்த்தார்.

“இந்த ஓரத்துக் கோடு கொஞ்சம் தடிச்சாப்பல இருக்கோ?”

“நான் எப்பவும் அப்படித்தாங்க போடறது” என்றார் ஓவியர்.

“இருக்கும், இருக்கும். நன்னா வந்திருக்கு. ஆனா நீர் சிரமப்படுத்திக்கப்படாது ஓய். கண்ணுன்னா சும்மாவா? சித்திரை கழியட்டும், பாப்போம்.”

அந்தத் தடித்த கோட்டுக்காகவே அவரைத் தேடிப் போனவர்கள் நாங்கள். இப்போது அது வியாதிக் குறி ஆகிவிட்டது. இனி அவர் எதை எழுதினாலும் படத்தை யாரும் பார்க்கப்போவதில்லை, கண்ணைத்தான் தேடுவார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. காபியைப் பாதி குடித்து வைத்துவிட்டுப் படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டார்.

வாசல் வரைக்கும் கூடப் போனேன். அவரே கேட்டார்.

“ஓய்வு எடுத்துக்கச் சொல்லி ஒரு கடுதாசி வந்துதே, அது நீங்க எழுதினதா தம்பி?”

“ஆமா சார்.”

“நல்ல தமிழ்” என்றார். போய்விட்டார்.

சித்திரை வந்தது, கழிந்தது. ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. இப்போது ஒரு நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதுகிறார் என்று பாய் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். காடு, அரண்மனை, நந்தவனம், தெரு. “மூஞ்சே கெடியாது சார் அதுல” என்றார் பாய்.

படம் எழுதுகிற தொழில் தூரிகையாலும் வர்ணத்தாலும் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் இங்கே வந்தேன். பாதித் தொழில் கடிதத்தில் நடக்கிறது. எதைச் சொன்னால் அடுத்த வேலை வராது என்று ஓவியருக்குத் தெரியும். அதனால் ஒரு வார்த்தையை எடுத்துவிடுவார், அல்லது இரண்டு பக்கமும் பொருந்துகிற வார்த்தையாகப் பார்த்து வைப்பார். அதைக் கண்டுபிடிக்கிற கெட்டிக்காரத்தனம் உங்களுக்கும் சீக்கிரம் வந்துவிடும். கண்டுபிடித்ததும் வாய் துறுதுறுக்கும், நல்லது செய்கிறோம் என்று நெஞ்சு விரியும். அந்த நேரத்தில் இன்னொரு கடிதத்தை எடுத்துப் பிரித்துவிடுங்கள். அவர் மறைத்தது உங்களுடைய சரக்கு இல்லை.

பட்டியலை மறுபடி பிரதி எடுக்கும் மாதம் இது. அந்தப் பென்சில் வார்த்தையை அழிக்கச் சொல்லி முதலாளியிடம் இரண்டு தடவை கேட்டேன். “நீ ஏன் அவரைத் தொந்தரவு பண்றே?” என்றார். நான் வேலையை விடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு, இது ஒன்று. நீங்கள் பிரதி எடுக்கும்போது அந்த வார்த்தையை மட்டும் விட்டுவிடுங்கள். பென்சில் எழுத்து மங்கலாக இருந்தது, தெரியவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

நான் செய்யப்போவது இது. அடையாறுக்கும் ஆழ்வார்பேட்டைக்கும் நான் எழுதியது தப்பு, அவர் ஓய்வில் இல்லை, வேலை செய்கிறார் என்று என் பெயரில் இரண்டு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். தபாலில் போட்டால் யாராவது ஒரே வரியாகச் சுருக்கிவிடுவார்கள். நானே எடுத்துக்கொண்டு போக வேண்டும். பூ வாங்குகிறவள் படத்தையும் கூடக் கொண்டுபோக வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் நாளைக் காலை மாம்பலத்துக்குப் போய் அவரைக் கேட்க வேண்டும். இதையாவது அவரைக் கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். கதவு திறக்குமா என்று தெரியவில்லை. திறந்து, போ என்றால் படத்தோடு போவேன். வேண்டாம் என்றால் இரண்டு கடிதத்தையும் அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, அவர் வேண்டாம் என்றதை யாரிடமும் சொல்லாமல் இருக்கப் பார்ப்பேன்.